விளக்கைப் போட்டால் ஏறும் முள்

அன்புள்ள மகன்,

நீ போன் எடுக்கிறாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். சட்டைக்கு அளவு எடுத்துக் குறிப்பதற்கு மேல் இந்தக் கை பேனா பிடித்துக் கன காலமாகிவிட்டது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போனில் என்றால் நீ "சரி அம்மா, வைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். இதை அப்படி இடையில் வெட்ட உன்னால் முடியாது. நான் உனக்கு ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் நீ உன்னைப் பற்றியே பிழையான ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய். அதைத் திருத்தும்வரை எனக்குச் சோறு இறங்கப் போவதில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் பொய்யை மட்டும் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும், ஏன் சொன்னேன் என்பது விளங்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். படுத்திருந்தே வாசி, பரவாயில்லை.

உன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ஜெறாட் முதன்முதலாக எனக்கு எடுத்தபோது நான் ஒரு கலியாணச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். "அன்ரி, அவன் வேலைக்குப் போறேல்லை. அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். சாப்பாட்டை வாசலில வைச்சால் சில நேரம் எடுக்கிறான், சில நேரம் அப்படியே கிடக்கு" என்றான். அவனைக் கோபிக்காதே, உன் நன்மைக்குத்தான் சொன்னான். வேலையில் ஏதும் பிரச்சினையா, ஒரு பெண்பிள்ளையோடு ஏதும் கதையா, யாரும் ஏதும் சொல்லிவிட்டார்களா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். "தெரியேல்லை அன்ரி. கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறான்." பிறகு உன்னைக் கேட்டேன். நீயும் ஒன்றுமில்லை என்றாய். அந்த ஒன்றுமில்லையை வைத்துக்கொண்டு திருகோணமலையில் இருக்கிற ஒரு தாய் என்ன செய்வது? காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடி என்று சொல்லலாம். கால் முறிந்தது என்றால் கட்டுப் போட்டிருக்கிறதா என்று கேட்கலாம். எந்த இடத்தில் நோகிறது என்று உனக்கே சொல்லத் தெரியாத ஒன்றுக்கு நான் எதை அவிப்பேன்? அன்றைக்கு வெட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், நான் வெட்டியது இரண்டுமே இடது கை.

இங்கே எல்லோரிடமும் மருந்து இருக்கிறது. குச்சவெளி மாமி பஸ் ஏறி வந்து, கதிரையில் இருக்குமுன்னமே, "ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ மச்சாள், எல்லாம் சரிவரும்" என்றாள். "முதல்ல அவன் எழும்பிப் பல்லுத் தீட்டட்டும், பிறகு பொம்பிளை பாப்பம்" என்றேன். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும். சுவாமியார் செபிக்கச் சொன்னார், செபித்தேன். பாலையூற்றுக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, "நீங்களும் ஒரு ஆண்பிள்ளையைப் பெத்தனீங்கள்தானே, என்ர நிலைமை உங்களுக்குச் சொல்ல வேணுமோ" என்று மாதாவோடு கொஞ்சம் சண்டையும் பிடித்தேன். வந்து பார்த்தால் போனில் நீ அனுப்பிய செய்தி ஒன்றுமில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த கை, உனக்கு ஒரு கோப்பை சோறு ஊட்ட முடியாத தூரத்தில் இருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உழைத்த காலம் முழுக்கத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளுக்கும் மிதவைகளுக்கும் பெயின்ற் அடித்த மனிதர் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் போனால் பெயின்ற் வாளியைத் தூக்குவார் என்பதும் தெரியும். ஜெறாட் எடுத்த அன்று பின்னேரமே கேற்றைச் சுரண்டத் தொடங்கினார். கேற் முடிந்து யன்னல் கம்பி, அது முடிந்து கிணற்றுக் கப்பி. பூச ஒன்றும் மிச்சமில்லை என்றதும், நீ கட்டி முற்றத்தில் விட்டுப்போன காருக்குக் கீழே புகுந்தார். "உப்புக் காத்து, இஞ்சேர். விட்டால் தின்னுடும்" என்றார், நான் கேட்காமலே. முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடங்களில் மட்டும் தொட்டுப் பூசிவிட்டு எழும்பிவிடுவார். இந்தமுறை ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, அடியில் சிவப்பு ஒக்சைட் பூசி, அதன்மேல் கறுப்புப் பெயின்ற் பூசி, காய்ந்த பிறகு பூட்டி, பூட்டின இடத்துக்கு மேலேயும் ஒரு பூச்சுக் கொடுத்தார். அவருடைய தொழிலில் இரும்பு ஓர் இடத்திலாவது வெறுமையாகத் தெரிந்தால் அது குற்றம். உன்னோடு போனில் இரண்டு வசனம் பேசத் தெரியாத மனிதர், நாள் முழுக்க உன் காருக்கு அடியில் முதுகு நோகப் படுத்துக் கிடந்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

நான் உனக்கு எடுக்கிற நேரம் இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே கனடாவில் உனக்கு விடிந்து கொஞ்ச நேரம். நீ எடுப்பாய், பேச மாட்டாய். நான்தான் கதை கதையாய்ச் சொல்லுவேன். ரோட்டில் திரிகிற மான்கள் வந்து முன்வீட்டுச் செவ்வரத்தைச் செடியை மொட்டையாக்கிப் போட்டுப் போனது, சந்தையில் சூரை மீன் வந்து குவிந்தது, கரண்ட் போனது, வந்தது. நீ "ம்" என்பாய். சில நேரம் அந்த "ம்" கூட வராது, மூச்சு மட்டும் கேட்கும். வைத்த பிறகு உன் அப்பா, "என்ன சொன்னவன்?" என்று கேட்பார். "ம் எண்டவன்" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போவார்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிறு பின்னேரப் பூசைக்கு உன் காரில் போனோம். திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. உட்துறைமுக வீதியில் அப்பா லைற்றைப் போட்டார். போட்டதுதான் தாமதம், வெப்பம் காட்டுகிற முள் நடுவிலிருந்து எழும்பிச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் பயந்துபோய்க் காரை ஓரமாக நிறுத்தி பொனற்றைத் திறந்தார். கொதிக்கவில்லை, ஆவி வரவில்லை, தண்ணீரும் குறையவில்லை. பற்றரி இறங்கிவிடும் என்று லைற்றை நிறுத்தினார், முள் இறங்கியது. போட்டார், ஏறியது. சிக்னலைப் போட்டால் பெற்றோல் முள் அதோடு சேர்ந்து துடித்தது. "இதென்ன, பேய் பிடிச்ச மாதிரி" என்றார். வீதியோரம் நின்ற மான்கள் எங்களைத்தான் பேய் பிடித்தவர்கள் என்று நினைத்திருக்கும். வீடு வந்து உனக்கு எடுத்தபோது, மற்றக் கதைகளோடு கதையாக இதையும் சொன்னேன்.

"எந்த முள்ளு?" என்றாய்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ கேள்வி கேட்டு அவ்வளவு நாளாகிவிட்டது. "வெப்ப முள்ளு" என்றேன். "லைற்றைப் போட்டால் ஏறுதோ, போடாமலும் ஏறுதோ?" "போட்டால்தான்." "எதில கூட ஏறுது, டிம்மிலயோ பெரிய லைற்றிலயோ?" "அது பாக்கேல்லை மகன்." "பாருங்கோ. பாத்திட்டு எடுங்கோ" என்றாய். பாத்திட்டு எடுங்கோ. அதுவரை நான் எடுப்பதைப் பொறுத்துக்கொண்டிருந்த பிள்ளை, எடுக்கச் சொல்லுகிறான். நான் குசினியில் அடுப்பை நிறுத்த மறந்து காருக்கு ஓடினேன். பருப்பு அடிப்பிடித்து, அன்றைக்கு அப்பா பாணும் சம்பலும்தான் சாப்பிட்டார்.

டிம்மைவிடப் பெரிய லைற்றில்தான் கூட ஏறியது. சொன்னேன். "அப்ப எஞ்சின் சூடேறேல்லை அம்மா. முள்ளு பொய் சொல்லுது. ஏர்த் பிழைச்சுப் போச்சு" என்றாய். பிறகு நீயே எனக்கு விளங்கப்படுத்தினாய், எவ்வளவு பொறுமையாக. பற்றரியிலிருந்து கரண்ட் ஒரு வயரால் போய் வேலையைச் செய்துவிட்டுத் திரும்பி பற்றரிக்கே வந்து சேர வேண்டும். திரும்புகிற வழிக்குத்தான் ஏர்த் என்று பெயர். மற்றக் கார்களுக்கு உடம்பு முழுக்க இரும்பு, எந்தப் பக்கத்தாலாவது திரும்பிவிடும். உன் காருக்கு உடம்பு பைபர், அதால் ஒன்றும் திரும்பாது. ஆகவே முள் காட்டுகிற கேஜ்களுக்கும் முன் லைற்றுகளுக்கும் சேர்த்து ஒரு தடித்த கறுப்பு வயரை அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸுக்கு இறக்கி நட் போட்டு இறுக்கியிருக்கிறாய். அந்த ஒரு வழி அடைபட்டால், லைற் போடுகிற நேரம் எல்லாக் கரண்டும் திரும்ப இடமில்லாமல் முண்டியடிக்கும், அந்த நெரிசலில் முள் தன் இடத்தை விட்டு நகரும். "விளங்குதோ அம்மா?" என்றாய். நான், "மெஷினில கீழ்நூல் பிழைச்சால் தையல் மேலதான் பிசகும், அதுமாதிரியோ?" என்றேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அதேதான்" என்றாய். சிரித்தாய் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மூச்சு மூக்கால் வந்தது. அது எனக்குத் தெரிந்த சிரிப்பு.

அந்தக் கார் எப்படி வந்தது என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. நீ மீன்பிடிக்கிற பைபர் போட் கட்டுகிற இடத்தில் வேலை செய்த காலம். உடம்பு உக்கிப்போன ஒரு பழைய காரை, சேசிஸும் சில்லும் நம்பர் தகடும்தான் மிச்சம் என்கிற நிலையில் இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டாய். எஞ்சின் ஒரு வானிலிருந்து வந்தது, மூன்று கேஜும் மூன்று வாகனத்திலிருந்து வந்தன. உடம்பை நீயே போட் அச்சுப் போல அச்செடுத்து, பைபர் பாயை அடுக்கடுக்காக ஒட்டி வார்த்தாய். அந்த மணத்துக்கு எனக்குக் கிழமைக்கணக்காய்த் தலையிடி. பார்த்தவர்கள் எல்லாம், "என்ன, போட்டுக்குச் சில்லுப் பூட்டுறானோ?" என்று பகிடி பண்ணினார்கள். நானும் பண்ணினேன். ஓட்டுகிற இடத்தில் துடுப்பு எங்கே என்று கேட்டேன். ஆனால் சீற் உறை தைக்கச் சொன்னபோது, கலியாண வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுத் தைத்துத் தந்தேன். முதல் ஓட்டம் குச்சவெளிக்கு. வழியில் மழை பிடித்து, கூரை ஒழுகி என் மடி நனைந்தது. நீ ஒழுக்கைப் பார்க்கவில்லை, மூன்று முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "அம்மா, மூண்டும் சரியாக் காட்டுது" என்றாய். உன் முகத்தில் அந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் காணவில்லை. அங்கே போன பிறகு காணவே இல்லை.

அடுத்த நாள், கரண்ட் அளக்கிற உன் மல்ரிமீற்றரை அலுமாரியிலிருந்து எடுக்கச் சொன்னாய். மற்றவர்கள் பிள்ளையோடு வீடியோ கோலில் பேரப்பிள்ளையைப் பார்க்கிறார்கள், நான் டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு வயரைப் பார்த்தேன். மீற்றரின் கறுப்புக் கம்பியை பற்றரியின் மைனஸில் வைக்கச் சொன்னாய். பற்றரி முன்னால், கேஜ் உள்ளே, எனக்கு அவ்வளவு நீளக் கையில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கறுப்பைப் பிடிக்க, நான் சிவப்பை வெப்ப கேஜின் பின்பக்கத்து ஏர்த் ஆணியில் வைத்தேன். லைற் போடாமல் ஒன்றும் காட்டவில்லை. போட்டதும் இலக்கம் எழும்பியது. வாசித்துச் சொன்னேன். "பாத்தீங்களோ, அது பூச்சியத்துக்குக் கிட்ட நிக்க வேணும். ஒரு வோல்ற்றுக்கு மேல எண்டால் வழியில எங்கயோ அடைப்பு" என்றாய். உன் குரல் பழைய குரல். "ஆனால் கட்டேக்க நான் மினுங்க மினுங்கத் தேய்ச்சுத்தான் பூட்டினனான் அம்மா, அது எப்பிடிப் போகும்?" என்று உனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாய். நாளைக்கு ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை பற்றரி மைனஸிலும் மற்ற முனையை அந்த ஆணியிலும் நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னாய். அப்படிப் பிடித்தவுடன் முள் சரியான இடத்துக்கு இறங்கினால் ஏர்த்தான் பிழை, வேறொன்றுமில்லை. "செய்து பாத்திட்டுச் சொல்லுங்கோ. நான் முழிச்சிருப்பன்" என்றாய்.

உனக்கு எடுக்கும் நேரம் வருமுன்னமே நாங்கள் செய்துவிட்டோம். பழைய அயன்பொக்ஸ் வயரை நீட்டிப் பிடித்தோம். லைற் எரிய, முள் பிள்ளை போல அடங்கி நடுவில் வந்து நின்றது. வயரை எடுத்தால் ஏறியது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அந்தக் கறுப்பு வயர் இறங்குகிற இடத்தைத் தேடிக் குனிந்தோம். சேசிஸில் நட்டைக் கழற்றிப் பார்த்தால், வயரின் வளையத்துக்கு அடியில் வழுவழு என்று பெயின்ற். வளையத்துக்கு மேலேயும் பெயின்ற். சிவப்பும் கறுப்புமாய், ஒரு குறை சொல்ல முடியாத பூச்சு. நீ மினுங்கத் தேய்த்த இடம் அதற்கு அடியில் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கட பெயின்ற்தான்" என்றேன். வாய் சும்மா இருக்குமா, "இரும்பைக் கண்டால் உங்களுக்கு நிக்கேலாது" என்றும் சொன்னேன். அவர் வழக்கம்போலத் திருப்பிச் சொல்லுவார் என்று பார்த்தேன். நிலத்தில் குந்திவிட்டார். "பிள்ளையின்ர சாமானை நானே பழுதாக்கிப் போட்டன்" என்றார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு மட்டத்தாளை எடுத்து, தான் பூசினதைத் தானே தேய்க்கத் தொடங்கினார். இரும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை தேய்த்தார். "சீவியத்தில பூசின இடத்தைச் சுரண்டி வெறுமையா விட்டதில்லை" என்றார். வளையத்தை வைத்து நட்டை இறுக்கிய பிறகு, வெளியால் மட்டும் ஒரு துளி கிறீஸ் பூசினார். பூட்டிய பிறகு பூசலாம், பூசிய பிறகு பூட்டக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். லைற்றைப் போட்டோம். முள் அசையவில்லை. சிக்னலைப் போட்டோம். பெற்றோல் முள்ளும் அசையவில்லை. எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

உனக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய். நான் ஹலோ சொல்லுமுன்னமே, "வயர் பிடிச்சுப் பாத்தனீங்களோ அம்மா?" என்றாய். குரலில் அப்படி ஓர் ஆவல். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மகன். அந்த நொடியில் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சரியாகிவிட்டது என்று சொன்னால் நீ "நல்லது அம்மா" என்பாய். பிறகு? பிறகு நான் மானைப் பற்றியும் மீனைப் பற்றியும் சொல்லுவேன், நீ "ம்" என்பாய். என் வாய் தானாகச் சொன்னது: "பிடிச்சுப் பாத்தது மகன். முள்ளு இறங்கேல்லை."

இதுதான் அந்தப் பொய்.

அப்பா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வைத்ததும், "ஏன் பிள்ளைக்குப் பொய் சொல்லுறாய்?" என்று கேட்டார். "அவன் எவ்வளவு நேரம் கதைச்சவன் எண்டு பாத்தனீங்களோ?" என்றேன். மறுநாள் நான் உன்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவரே சத்தமாக, "இண்டைக்கும் ஏறுது மகன்!" என்றார். போனில் உன்னோடு பேசத் தெரியாத மனிதர், கடைசியில் ஒரு பொய்யைச் சொல்லிப் பேசினார்.

எங்களுக்கு அவை நல்ல நாட்கள். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. நீ எஞ்சினில் இருக்கிற சென்சரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாய். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகிற பின்னல் வயரைத் தேய்க்கச் சொன்னாய். கேஜை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னாய். நாங்கள் சிலவற்றைச் செய்தோம், சிலவற்றைச் செய்ததாகச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும், "இல்லை மகன், அப்பிடியேதான் இருக்கு" என்றேன். ஜெறாட் எடுத்து, "அன்ரி, இண்டைக்கு அவன் குசினிக்கு வந்து முட்டை பொரிச்சவன்" என்றான். நான் அப்பாவிடம் சொல்ல, அவர் அதை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். முட்டை பொரித்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட தாய் தகப்பன் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நாங்கள் கெட்டித்தனமாய் ஒரு வேலை செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டோம். நீ அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு "இல்லை"யையும் எங்கே சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு நீ, "எனக்கு வீடியோவில காட்டுங்கோ. நான் பாக்க வேணும்" என்றாய். அன்றைக்கு டேட்டா முடிந்துவிட்டது என்று சமாளித்தேன். அடுத்த நாளைக்கு என்ன சொல்வது? அப்பா போய், தேய்த்து மினுக்கிய அந்த இடத்தில் மறுபடி பெயின்ற் பூசி, காயவிட்டு, வளையத்தை அதன்மேல் வைத்துப் பூட்டினார். அவருடைய முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. முள் பழையபடி ஏறியது. நான் போனைப் பிடித்துக் காட்டினேன். லைற் போட்டு, நிறுத்தி, போட்டு. நீ கன நேரம் பார்த்தாய். இருட்டறையில் உன் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது, தாடி வளர்ந்திருந்தது. "எல்லாம் பாத்தாச்சு என்ன?" என்றாய். "ஓம் மகன்." "ஏர்த்தும் இல்லை, சென்சரும் இல்லை, கேஜும் இல்லை." "ஓம்." "அப்ப நான் கட்டினதே பிழை அம்மா. அடியிலயிருந்தே பிழை. நான் செய்யிற ஒண்டும் சரிவராது." நான் இல்லை இல்லை என்று கத்தினேன். நீ அதற்குள் வைத்துவிட்டாய். திரும்ப எடுத்தேன். அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை. ஜெறாட் சொல்கிறான், குசினிக்கும் வருவதில்லையாம்.

மகன், கேள். நீ கட்டினதில் ஒரு பிழையும் இல்லை. நீ முதல் நாளே சொன்னதுதான் சரி, நீ சொன்ன இடத்தில்தான் சரி. கனடாவில் படுத்துக்கொண்டு, கண்ணால் காணாமல், நான் சொன்ன அரைகுறைக் கதையை வைத்து, திருகோணமலையில் இருக்கிற ஒரு நட்டுக்கு அடியில் பிழை என்று கண்டுபிடித்தாய். அதன் பிறகு வந்த எல்லா "இல்லை"யும் நான் சொன்னது. உன்னைப் பேச வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பெயின்றை மறுபடி சுரண்டிவிட்டார் உன் அப்பா. இப்போது முள் சரியாக நிற்கிறது. இதை நீ நம்ப வேண்டும் என்று எப்படிக் கேட்பேன்? பொய் சொன்ன வாய்தானே இதையும் சொல்கிறது. நம்ப வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், நீ திறந்து பார்க்கவில்லை என்று போன் காட்டுகிறது.

புத்தி சொல்லக் கடிதம் எழுதுகிற தாய்மாரைப் போல எனக்கும் கடைசியில் ஏதாவது சொல்ல ஆசைதான். உனக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் இனி மாட்டேன். ஜெறாட் உன்னை ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அவனோடு போ. உன்னைப் பிழையென்று சொல்ல அல்ல, எந்த இடத்தில் அடைப்பு என்று பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டத்தான். இங்கே வந்துவிட வேண்டும் என்றால் வா, காரணம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது. இனி உன்னிடம் கேட்க என்னிடம் ஒரு பழுதும் இல்லை. நான் எடுக்கும்போது நீ எடுத்து, ஒன்றும் பேசாமல் இருந்தாலும் போதும்.

இதைத் தபாலில் போடவில்லை. நம் ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கிற ஸ்ரெல்லா அக்கா, மகளின் பிரசவத்துக்காகக் கனடா வருகிறார். உன் இடத்திலிருந்து அவருடைய மகள் வீடு கிட்டத்தானாம். தபால் என்றால் ஜெறாட் எடுத்து உன் கதவடியில் வைப்பான், அது அங்கேயே கிடக்கும். ஆகவே ஸ்ரெல்லா அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஜெறாட்டிடம் கொடுக்கக் கூடாது, கதவுக்குக் கீழால் தள்ளக் கூடாது, உன் கையில்தான் தர வேண்டும். நீ திறக்காவிட்டால் ஒரு கதிரையை வாங்கிப் போட்டுக்கொண்டு உன் அறை வாசலில் இருக்கச் சொன்னேன். "எவ்வளவு நேரம் இருக்கிறது பிள்ளை?" என்று கேட்டார். "அவன் திறக்குமட்டும்" என்றேன். முழங்கால் வருத்தக்காரர், பாவம், ஆனாலும் ஓம் என்றார்.

ஆகவே நீ இதை வாசிக்கிறாய் என்றால், எழும்பி வந்து கதவைத் திறந்திருக்கிறாய். அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. திறந்த கதவை உடனே பூட்டிவிடாதே மகன். ஸ்ரெல்லா அக்கா இன்னும் போயிருக்க மாட்டார். குசினிக்குப் போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடு.

அம்மா